போன பல்லுக்கு எதை வைப்பது?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது நம்மவர் பழமொழி. சொல் மாத்திரமா போகின்றது? முறுக்குப் போகின்றது, கச்சான் போகின்றது, முருங்கைக்காயைச் சப்பித் துப்பும் இன்பம் போகின்றது. அவற்றுக்குப் பதிலாக வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் பழக்கம் வந்து சேர்கின்றது. கலியாண வீட்டுப் படத்திலே உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கும் பெரியவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஆதலின், போன பல்லுக்குப் பதிலாக எதை வைப்பது என்னும் கேள்வி அற்ப விடயமன்று.

நாம் பல்வைத்தியரல்லோம், பல்கலைக்கழகத்திலே கற்கும் மாணவர் மாத்திரமே. ஆயினும் வீட்டிலுள்ள பெரியவர்களைப் பல்வைத்தியரிடம் அழைத்துச் செல்வோர் நாமே. அங்கு கேட்டதை வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் தொலைபேசியில் எடுத்துரைப்போரும் நாமே. பின்பு நடப்பது யாது? காசு அனுப்புகின்றவர் ஒன்றைச் சொல்வார். அயல்வீட்டார் வேறொன்றைச் சொல்வார். அந்தப் பல் யாருடைய வாயில் இருக்கப்போகின்றதோ அவரை ஒருவரும் கேட்பதில்லை. கேட்பதற்கு நமக்கும் அவருக்கும் சிறிதளவு விளக்கமாவது வேண்டும். அதற்காகவே இப்பேச்சு.

பேசப்படுவன மூன்று. கிறவுண் என்பது பழுதான பல்லின்மேல் மூடி ஒட்டும் உறை. அதனைப் பல்முடி என்போம். இம்பிளான்ற் என்பது தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கை வேர். மூன்றாவது, நாம் நெடுங்காலமாக அறிந்த கட்டுப்பல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்த மிஷன் வைத்தியர் கிறீன் அவர்கள் மேனாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழிலே கற்பித்துக் காட்டியவர். அவர் உழைத்த மண்ணிலிருந்துகொண்டு ஒரு பல்லைப்பற்றிப் பேசத் தமிழ் போதாது என்று சொல்ல நமக்கு நாக் கூசுகின்றது.

“இம்மூன்றில் எது சிறந்தது?” என்று பலரும் கேட்கின்றார்கள். குடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி என்னும் மூன்றில் எது சிறந்தது என்று கேட்பது போன்றது இது. பல்முடி, வேர் உள்ள பல்லுக்கு. செயற்கை வேர், வேர் போய் எலும்பு நல்லபடி இருக்கும் இடத்துக்கு. கட்டுப்பல், பல பற்கள் ஒருங்கே போன வாய்க்கு. ஆகவே எதை வைப்பது என்று கேட்குமுன், வாயில் எது மிஞ்சியிருக்கின்றது என்று கேட்கவேண்டும். வைத்தியர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பதும் இதனையே.

முதலில் வேர் மிஞ்சிய பல்லைக் கவனிப்போம். சூத்தை ஆழமாகச் சென்று உள்ளேயுள்ள நரம்பைத் தொட்டுவிட்டது, இரவெல்லாம் குத்து. “பிடுங்கி எறியுங்கள், தொல்லை விட்டது” என்பதே நம்மவரின் முதற் பேச்சு. ஆனால் வேர்க்குழாயைச் சுத்தஞ்செய்து அடைத்து, மேலே பல்முடி வைத்தால் அதே பல் இன்னும் பல்லாண்டு உழைக்கும். ஒரு நிபந்தனை உண்டு: முரசுக்கு மேலே ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் உயரத்துக்காவது நல்ல பற்சுவர் சுற்றிலும் நிற்க வேண்டும். பிடித்து நிற்க இடமில்லாத பல்லின்மேல் முடி நிலைக்காது. வேர் நீளவாக்கில் வெடித்துவிட்டாலும் பயனில்லை.

இயற்கை வேரை நாம் இத்தனை பெரிதாகப் பேசக் காரணம் இருக்கின்றது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லைத் தாங்குவதும் அதுவே, உணர்த்துவதும் அதுவே. சோற்றில் கிடக்கும் சிறு கல்லை மெல்லுமுன்னரே நாம் அறிந்து நிறுத்துகின்றோமல்லவா? அவ்வுணர்ச்சியின் பெரும்பகுதி இந்நாரிலிருந்து வருகின்றது. செயற்கை வேருக்கு அது கிடையாது. அது எலும்போடு எலும்பாய் இறுகி நிற்கின்றது. காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ற் வைப்போம் என்று யாரேனும் சொன்னால், இன்னொரு வைத்தியரையும் கேட்டுவிட்டே வாயைத் திறக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

பல்முடியிலும் குறை உண்டு. அதற்கு இடம் உண்டாக்க, பல்லைச் சுற்றிலும் 1 முதல் 2 மில்லிமீற்றர் வரை அராவவேண்டும். அராவியது திரும்ப வளராது. முடியில் சூத்தை பிடியாது. ஆனால் முடியும் பல்லும் சேரும் விளிம்பிலே பிடிக்கும். “இதற்கு முடி போட்டாயிற்று” என்று துலக்காமல் விட்ட பல்தான் முடியோடு கையில் வருகின்றது.

இனி, பல் வேரோடு போய்விட்டது, இருபுறமும் பல் உண்டு என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பற்கள் இரண்டையும் அராவி மூன்று முடிகளை ஒன்றாய்ப் பிணைத்துப் பாலம் போடலாம். பக்கத்துப் பற்கள் முன்பே பெரிதாய் அடைபட்டு முடி தேடி நிற்பனவாயின் இது நல்ல யோசனை. அவை பழுதற்ற பற்களாயின், ஒரு வெற்றிடத்துக்காக இரண்டு நல்ல பற்களைச் சீவுவது நெஞ்சை உறுத்தும் வேலை. அங்கேதான் செயற்கை வேர் தன் பெருமையைக் காட்டுகின்றது.

அது பிறந்த கதை சுவையானது. 1952ஆம் ஆண்டு சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் பிறோனெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும்பொருட்டுத் தைத்தேனிய உலோகத்தாற் செய்த சிறு கருவியொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதனைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை; எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. வேறொருவராயின் விலையுயர்ந்த கருவி வீணாயிற்றே என்று சலித்திருப்பார். இவரோ இதனைப் பல்லுக்குப் பயன்படுத்தலாமா என்று சிந்தித்தார். 1965இல் யோஸ்தா லார்சன் என்பவருக்கு, பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடையவருக்கு, முதன்முதலாகத் தைத்தேனிய வேர்களைப் பதித்தார். லார்சன் 2006இல் காலமாகும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவ்வேர்கள் உழைத்தன. அப்படியிருந்தும் உலகத்துப் பல்வைத்தியர் இதனைப் பரவலாக ஒப்புக்கொண்டது 1982இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்த மகாநாட்டின் பின்னரே.

இன்று, தகுந்தவருக்குத் தக்கபடி வைத்தால், பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட செயற்கை வேர்கள் நிலைத்திருக்கின்றன. தகுந்தவர் யார் என்பதே கேள்வி. எலும்பு போதிய அகலமும் உயரமும் உடையதாக இருக்கவேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். புகைப்பவருக்குத் தோல்வி கூடுதல். எலும்புத் தேய்வுக்குச் சிலவகை மருந்து எடுப்போர் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். வெற்றிலை பாக்கினால் வாய்ப்புற்று வந்து தாடைக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்கள் நம் ஊர்களிலே குறைவல்லர். அவர்களுடைய எலும்பு காயத்தை ஆற்றும் வலுவை இழந்திருக்கும். அங்கே துளையிடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகலாம். வேர் பதித்தபின் எலும்பு பிடிக்க வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். சூத்தை அதற்கு வராது. ஆனால் அழுக்குச் சேர்ந்தால் சுற்றியுள்ள முரசு வீங்கி எலும்பு கரைந்து, வேர் ஆட்டங்காணும். இரும்பு வைத்தாயிற்று, இனித் துலக்கத் தேவையில்லை என்று நினைப்போருக்கு இது பாடம்.

இச்சபையிலுள்ள இளைஞரை நோக்கி ஒரு வார்த்தை. கிரிக்கெற் பந்து பட்டு முன்பல் போன பதினான்கு வயதுப் பையனுக்கு உடனே இம்பிளான்ற் வைக்க முடியாது. தாடை வளர்ந்துகொண்டிருக்கும்; அருகிலுள்ள பற்கள் அதனோடு இறங்கி வரும்; செயற்கை வேரோ வைத்த இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மாத்திரம் குட்டையாய்த் தெரியும். வளர்ச்சி முடியும்வரை கழற்றிப் பூட்டும் பல்லோ, அராவாமல் ஒட்டும் சிறு பாலமோ போதும். அதனிலும் மேலான வழியொன்று இருக்கின்றது; பலருக்குத் தெரியாது. வேரோடு கழன்று விழுந்த நிலையான பல்லைத் தேடியெடுத்து, வேர்ப்பக்கத்தைத் தொடாமல், தேய்க்காமல், மண் இருந்தால் தண்ணீரில் ஒருமுறை அலசி, அந்த இடத்திலேயே திரும்பச் செருகலாம். செருகத் துணிவில்லையாயின் பாலில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் ஓடவேண்டும். வேரைச் சுற்றிய நாரின் உயிரணுக்கள் காய்ந்து சாகுமுன், ஒரு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பல் மீண்டும் பிடிக்கக்கூடும். பாற்பல்லுக்கு இது பொருந்தாது. விளையாட்டுக் குழுத் தலைவர்கள் இதனை மனத்திலிருத்தவேண்டும்.

இனிக் கட்டுப்பல். 1789இல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாய்ப் பதவியேற்றபோது ஜோர்ஜ் வாஷிங்ரனுடைய வாயில் மிஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே. அவர் மரப்பல் கட்டியிருந்தார் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் ஈயமுமே அவர் கட்டுப்பல்லில் இருந்தன. 1815இல் வாட்டர்லூ யுத்தகளத்தில் விழுந்த வீரரின் பற்களும் ஐரோப்பியச் செல்வர் வாய்க்குப் போயின. பின்பு கடின றப்பரும், 1930களின் பிற்பகுதியில் அக்கிறிலிக்கும் வந்தபின்னரே சாதாரண மக்களுக்குக் கட்டுப்பல் எட்டியது.

கட்டுப்பல்லை ஏழையின் பல் என்று இகழ்வது தகாது. வெட்டில்லை, துளையில்லை, இலட்சங்கள் வேண்டியதில்லை, சில வாரங்களில் முடிந்துவிடும். மேல்வாய்க் கட்டுப்பல் அண்ணத்தில் உமிழ்நீரோடு உறிஞ்சிக்கொண்டு நன்றாய் நிற்கும். தொல்லை கீழ்வாயிலே. நாக்கு ஓயாமல் தள்ளும். பிடிமானம் குதிரைலாடம் போன்ற ஒரு குறுகிய மேடு. அம்மேடும் நாளுக்கு நாள் கரையும். பல் இல்லாத தாடையை இருபத்தைந்து ஆண்டு பின்தொடர்ந்து தால்கிறென் என்னும் அறிஞர் 1972இல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கரைவதைக் காட்டியது. “அப்பாவுக்குப் பல் கட்டிக் கொடுத்தோம், அவர் பெட்டிக்குள் வைத்திருக்கின்றார்” என்று பிள்ளைகள் குறைப்படுகின்றார்கள். அது அவருடைய பிடிவாதமன்று. எலும்பு கரைந்து பல் ஆடுகின்றது. உட்புறத்தைத் திரும்ப ஊற்றிச் சரிசெய்யலாம். பழையதானால் புதிதாய்க் கட்டவேண்டும்.

இவ்விடத்திலே கட்டுப்பல்லும் செயற்கை வேரும் எதிரிகளல்ல, கூட்டாளிகள். கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரண்டே இரண்டு வேர்களைப் பதித்து, சட்டைக்குப் பொத்தான் பூட்டுவதுபோலக் கட்டுப்பல்லை அவற்றின்மேல் பூட்டலாம். பல்லற்ற கீழ்வாய்க்கு முதலில் எண்ணத்தக்க சிகிச்சை இதுவே என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர் அறிக்கை விடுத்தனர். வாய் நிறைய வேர் பதிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிது. பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியது இதனைத்தான்.

கட்டுப்பல்லை இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்கவேண்டும். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், பல்லோடு உறங்கியவருக்கு நிமோனியாக் காய்ச்சல் வரும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகக் காணப்பட்டது. பற்பசை அக்கிறிலிக்கைக் கீறும். சவர்க்காரமும் மென்மையான தூரிகையும் போதும். கொதிநீர் ஆகாது, கோணிவிடும்.

எதுவும் வைக்காமல் விடுவதும் ஒரு முடிவே. பின்கொடுப்பில் ஒன்றிரண்டு போனாலும், எதிரெதிரே பொருந்தும் இருபது பற்கள் இருந்தால் பெரும்பாலோர் நன்றாகவே மென்று சாப்பிடுகின்றனர். எண்பது வயதில் இருபது பல் என்று ஜப்பானியர் 1989இல் இயக்கமே தொடங்கினர். கடைவாய்ப் பல் ஒன்றுக்காகக் காணியை ஈடுவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக, கடல் கடந்து பல் வைத்துவருவோர் பற்றி. சென்னைக்கு ஒரு வாரப் பயணம், அல்லது மகளைப் பார்க்கப் போன இடத்தில் அவசர அவசரமாய் ஓர் இம்பிளான்ற். திரும்பிவந்து சில வருடங்களில் உள்ளேயுள்ள திருகாணி தளர்கின்றது. ஒரு கம்பனியின் திருகாணி மற்றொரு கம்பனியின் வேருக்குப் பொருந்தாது. எந்தக் கம்பனி என்று வாய்க்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. இங்குள்ள வைத்தியர் கைவிரிக்கின்றார். எங்கே வைத்தாலும், வேர் செய்த கம்பனியின் பெயர், வகை, நீளம், விட்டம், வைத்த திகதி என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுமுன், இது பழுதானால் இங்கே யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள்.