காலியா என்றொரு கப்பல்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மண்ணச்சநல்லூரில் நின்றுகொண்டு கடல் கதை பேசுகிறானே என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நாம் பார்த்து வளர்ந்த தண்ணீர் கொள்ளிடமும் வாய்க்காலும்தான். ஆனால் மூட்டைக் கணக்கு நமக்குத் தெரியும், அரிசி ஆலை ஊர் அல்லவா! ஆகவே மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்.எஸ். காலியா என்ற நீராவிக் கப்பல் ஒரு நடைக்கு 4,000 மூட்டை ஏற்றக்கூடியது. அதோடு சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம்.

'கப்பலோட்டிய தமிழன்' படம் வந்தது 1961-இல். அதைப் பார்த்துப் பார்த்து, வ.உ.சி. செக்கிழுத்தது குழந்தைக்கும் தெரியும். "சரி, அந்தக் கப்பல் என்னய்யா ஆச்சு?" என்று கேட்டால் விழிக்கிறோம். நானும் விழித்தவன்தான். அவர் நம்ம திருச்சியில் சட்டம் படித்தவர். அந்த உரிமையில் சொல்கிறேன், கேளுங்கள்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தார்கள். தூத்துக்குடி - கொழும்புப் பாதையைத் தன் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கியதில், அந்த வாடகைக் கப்பலும் போயிற்று. வாடகை வீட்டில் குடியிருப்பவன் பாடுதான்! அதன்பிறகுதான் சொந்தக் கப்பலாகக் காலியாவும் லாவோவும் 1907-இல் வந்து சேர்ந்தன.

அப்புறம் கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர்கள் எட்டணா என்றார்கள். அவர்களோ சும்மாவே வாருங்கள், கூட ஒரு குடையும் தருகிறோம் என்று இறங்கிவிட்டார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டணா வீதம் 1,300 பேர் என்றால் 650 ரூபாய். அதுவும் ஓர் இடம்கூடக் காலியில்லாமல் நிரம்பினால்! நிலக்கரி, மாலுமி சம்பளம், துறைமுகச் செலவு எல்லாம் அதிலிருந்தும் சரக்குக் கூலியிலிருந்தும்தான் வரவேண்டும். எதிராளிக்கோ ஊர் ஊராகக் கப்பல்கள். தூத்துக்குடியில் விட்டதை வேறு துறைமுகத்தில் எடுத்துவிடுவான். குடை வாங்கியவர்களும் நம்மவர்கள்தானே என்று எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனால் கொழும்புக்குப் பிழைக்கப் போன ஏழையிடம் எட்டணாவை வேண்டாம் என்று சொல் என்று நான் எப்படிச் சொல்வது?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் தீர்ப்பு, நாற்பதாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு விஷயம். தூக்கி நிறுத்த ஆளில்லாத கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் புயலிலும் மூழ்கவில்லை, பாறையிலும் மோதவில்லை. ஏலத்தில் போட்டியாளர்கள் கைக்கே போய்விட்டன.

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் தொழில் செய்ய அனுமதியும் இல்லை. கப்பல் நடத்தியவர் சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பார்த்தார்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பரணில் கிடக்கும் தாத்தா காலத்துப் பெட்டிகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை கிளறிப் பாருங்கள். அந்த 25 ரூபாய்ப் பங்குப் பத்திரம் ஒன்று அகப்பட்டால், நம் கல்லூரி நூலகத்தில் கொண்டுவந்து காட்டுங்கள்.