விரலியும் நம் வீட்டு ஆவணங்களும்

(பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், பட்டணத்தில் அச்சு, போட்டோஸ்டாட் கடை நடத்தும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆசிரியர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் கடைக்காரன். ஆகவே, நாள்தோறும் என் கைக்கு வந்து போகிற ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அதன் பெயர் விரலி. பிள்ளைகள் பென்டிரைவ் என்பார்கள், சிலர் தம்ப் டிரைவ் என்பார்கள். கட்டை விரல் அளவுதான் இருக்கும். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதற்கு நன்றாகவே பொருந்தும்.

"தம்பி, நாங்க குலை வெட்டறவங்க. எங்களுக்கு எதுக்குப்பா இந்தச் சமாச்சாரம்?" என்று பின்வரிசையில் இருக்கும் ஓர் அண்ணன் நினைக்கலாம். அண்ணே, உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நம் வீடுகளில் முக்கியமான பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? அலமாரியின் மேலே ஒரு ரொட்டி டின். அதற்குள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, பாட்டியின் பழைய அடையாள அட்டை, ஈபிஎஃப் தாள், சொக்சோ தாள், வீட்டுக் கடன் தாள், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கறையான் வந்தாலும் போச்சு, தீ வந்தாலும் போச்சு, தண்ணீர் வந்தாலும் போச்சு. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். கட்டில் போனால் வேறு கட்டில் வாங்கலாம். பத்திரம் போனால்? எண்ணும் தெரியாது, தேதியும் தெரியாது என்று முகப்பில் போய் நின்றால் எத்தனை நடை நடக்க வேண்டும்! ஒரு தாள் இல்லாத காரணத்தால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் அல்லாடிய குடும்பங்கள் நம் சமூகத்தில் இருக்கின்றன. அதனால்தான் இதனைச் சொல்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரலியில் இருக்கும் படம் அசல் பத்திரம் ஆகாது. அசலைப் பத்திரமாக வைத்தே ஆகவேண்டும். ஆனால் அசல் தொலைந்துவிட்டால், பதிவு எண், தேதி, பெயரின் எழுத்து எல்லாம் அந்தப் படத்தில் இருக்கும். தேசியப் பதிவுத் துறைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் ஆதாரத்தோடு போகலாம். அந்த வித்தியாசம் சிறியதன்று.

இந்த விரலி எங்கிருந்து வந்தது? நமக்கு அக்கம் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இதற்குள் இருக்கும் நினைவகத்தை 1980களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் ஃபூஜியோ மசுவோக்கா. தோஷிபா நிறுவனத்தில் வேலை செய்தவர். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 'தம்ப் டிரைவ்' என்ற பெயரில் விரலியை ஜெர்மனியில் நடந்த ஒரு கண்காட்சியில் காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் செய்த விரலியை ஐபிஎம் அமெரிக்காவில் விற்றது. யார் முதல் என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. அதே 2000ஆம் ஆண்டில், நம் சிலாங்கூரின் செகிஞ்சானில் பிறந்து தைவானுக்குப் படிக்கப் போன புவா கெய்ன் செங், நண்பர்களோடு சேர்ந்து அங்கே பைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். விரலியை இயக்கும் மூளையை ஒரே சில்லுக்குள் அடக்கியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மாணவச் செல்வங்களே, செகிஞ்சான் நெல் விளைகிற, மீன் பிடிக்கிற ஊர். அந்த ஊர்ப் பையன் உலகம் பயன்படுத்துகிற பொருளுக்குள் கைவைத்திருக்கிறார் என்றால், தோட்டத்துப் பிள்ளைகளால் ஏன் முடியாது?

அன்றைய விரலியில் 8 மெகாபைட் இடம்தான் இருந்தது. அதுவே பெரிதாக இருந்தது, ஏனென்றால் அதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய சதுர வட்டில் 1.44 மெகாபைட்தான் கொள்ளும். இன்று 16 கிகாபைட் விரலி என்பது சாதாரணம். ஒரு பத்திரத்தின் ஒரு பக்கம் 1 மெகாபைட் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், அதில் 14,000 பக்கங்களுக்கு மேல் வைக்கலாம். எந்தக் குடும்பத்தின் ரொட்டி டின்னிலும் அவ்வளவு தாள் இருக்காது.

அதற்குள் எப்படி எழுத்து நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பால் வெட்டிய குடும்பங்களுக்கு எளிதில் புரியும்படி சொல்கிறேன். ஒரு ரப்பர்த் தோட்டத்தை மனத்தில் நினையுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு. விரலிக்குள் அப்படிப் பல நூறு கோடி மங்குகள் இருக்கின்றன. அவற்றில் நிற்பது பால் அன்று, மின்னூட்டம். நிறைந்த மங்கு ஒரு குறி, வெறும் மங்கு மற்றொரு குறி. இந்தக் குறிகளைச் சேர்த்துத்தான் கணினி எழுத்தாகவும் படமாகவும் படிக்கிறது. வெட்டுக்காரர் வீட்டுக்குப் போன பிறகும் மங்கில் பால் நிற்கிறதல்லவா? அதுபோல, விரலியைப் பிடுங்கி மின்சாரம் நின்ற பிறகும் மின்னூட்டம் அப்படியே நிற்கும். அழிக்கும்போது மட்டும் ஒவ்வொரு மங்காக அழிக்காது. பல நிரைகளைச் சேர்த்து ஒரே வீச்சில் கழுவிவிடும்.

ஆனால் மங்குக்கும் ஆயுள் உண்டு. கழுவிக் கழுவி ஊற்றினால் தேயும். பல ஆண்டுகள் தொடாமல் வைத்தால் மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். ஆகவே, "விரலியில போட்டாச்சு, இனி நூறு வருசத்துக்குக் கவலையில்ல" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி, எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு வருகிறேன்.

முதலாவது, "எங்க வீட்டுல கம்பியூட்டரே இல்லையே" என்ற கவலை வேண்டாம். இப்போது இரு பக்கமும் முனை உள்ள விரலிகள் கிடைக்கின்றன. ஒரு முனை கணினிக்கு, மறு முனை கைப்பேசிக்கு. பத்திரத்தை மேசைமேல் விரித்து, பகல் வெளிச்சத்தில், நேர் மேலேயிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். எண்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு விரலிக்கு மாற்றுங்கள். உங்கள் பிள்ளையைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பான்.

இரண்டாவது, பெயரிடுங்கள். வெறும் எண்களாகக் கிடந்தால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது. அப்பாவுக்கு ஓர் அறை, அம்மாவுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அறை என்று பிரித்து, 'பிறப்புப் பத்திரம்', 'சொக்சோ 2023' என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவது, பட்டென்று பிடுங்காதீர்கள். தோட்டத்து ஆபீசில் கிராணியார் செக்ரோலில் பெயர் பதிந்தால்தானே அன்றைக்கு வேலை செய்த கணக்கு? விரலிக்குள்ளும் ஒரு செக்ரோல் இருக்கிறது. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினி அதில் எழுதுகிறது. எழுதி முடிப்பதற்குள் பிடுங்கினால், ஆள் வேலைக்கு வந்தும் பெயர் இல்லாத கதைதான். கோப்பு உள்ளே இருக்கும், ஆனால் திறக்காது. திரையில் 'வெளியேற்று' என்பதை அழுத்தி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகு எடுங்கள். அவசரத்தில் இழப்பதைவிட அரை நிமிடம் காத்திருப்பது மேல்.

நான்காவது, இரண்டு விரலி வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு. என் கடை போன்ற இடங்களில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடைய விரலிகள் ஒரே கணினியில் ஏறி இறங்குகின்றன. ஒன்றில் இருக்கும் நச்சு நிரல் மற்றொன்றில் தொற்றும். 2008ஆம் ஆண்டில் பரவிய கான்ஃபிக்கர் என்ற நச்சு நிரல், இப்படி விரலி வழியாகவும் உலகெங்கும் கணினிகளைப் பிடித்தது. ஆகவே அச்சடிக்க வேண்டியதை மட்டும் கடை விரலியில் போட்டுக் கொண்டு வாருங்கள். கீழே கிடந்து எடுத்த விரலியை, 'என்னா இருக்குன்னு பாப்போமே' என்று உங்கள் கணினியில் செருகவே செருகாதீர்கள்.

ஐந்தாவது, பூட்டுப் போடுங்கள். அடையாள அட்டையின் இரு பக்கமும், வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிற விரலி தொலைந்தால், எவனோ ஒருவன் உங்கள் பெயரில் கடன் கேட்கப் பார்ப்பான். கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வசதி இருக்கிறது. செய்யத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு செய்து கொள்ளுங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் கணவன் மனைவி இருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த சாவி ஆபத்துக்கு உதவாது.

ஆறாவது, மலிவைக் கண்டு மயங்காதீர்கள். இரவுச் சந்தையிலும் இணையத்திலும், பத்து வெள்ளிக்கு 1 டெராபைட் என்று விற்பார்கள். செருகினால் 1 டெராபைட் என்றுதான் காட்டும். உள்ளே இருப்பதோ மிகச் சிறிய இடம். கொஞ்சம் போட்டதும் நிரம்பி, அதற்குமேல் போடுகிற கோப்பெல்லாம் பாழாகும். அதே நேரத்தில், 16 கிகாபைட் விரலி கணினியில் 14.9 என்று காட்டினால் கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதீர்கள். செய்கிறவர்கள் ஆயிரத்தால் கணக்கிடுகிறார்கள், கணினி 1,024ஆல் கணக்கிடுகிறது. அதனால் வரும் வேறுபாடு அது.

ஏழாவதுதான் மிக முக்கியம். ஒரே விரலியை நம்பாதீர்கள். அசல் பத்திரம் டின்னில், ஒரு படி விரலியில், மற்றொரு படி வேறு இடத்தில். வேறு இடம் என்றால் பக்கத்து அலமாரி அன்று. வெள்ளம் வந்தால் இரண்டு அலமாரியும் ஒன்றாகத்தான் நனையும். வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் வையுங்கள், அல்லது இணையக் கிடங்கில் வையுங்கள். ஆண்டுதோறும் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் அல்லவா? அந்த வாரத்தில் விரலியையும் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய விரலிக்கு மாற்றுங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தமிழில் கட்டுரை எழுதி விரலியில் கொண்டு வருகிறீர்கள். கடையில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பழைய எழுத்துரு முறையில் எழுதப்பட்ட கோப்புக்கு, அந்த எழுத்துரு இருக்கிற கணினிதான் வேண்டும். ஆகவே யூனிகோடு முறையில் எழுதுங்கள். நம் நாட்டவர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற செயலிகள் அதற்கு உதவும். எழுதி முடித்ததும் பிடிஎஃப் வடிவில் ஒரு படி எடுத்துக் கொள்ளுங்கள். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாது.

நிறைவாக, ஒரு வேண்டுகோள். 1957இல் இந்நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள். மூடப்பட்ட பள்ளிகள் பலவற்றின் சேர்க்கைப் பதிவேடும், வகுப்புப் படமும், ஆண்டு மலரும் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நம் பள்ளிக்கு அந்த நிலை வரக்கூடாது. உங்கள் பாட்டன் பாட்டி வீட்டில் பழைய வகுப்புப் படமோ, இந்தப் பள்ளியின் பழைய மலரோ இருந்தால் கொண்டு வாருங்கள். என் கடையில் காசு வாங்காமல் படி எடுத்துத் தருகிறேன். அசல் உங்கள் கைக்கே திரும்பி வரும். படிகளை இரண்டு விரலிகளில் போட்டு, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் வைக்கலாம். தலைமையாசிரியர் அவர்களும் இதற்கு இசைவு தருவார்கள் என்று நம்புகிறேன். இந்தப் பள்ளி இருந்தது, இங்கே இத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதற்கு நாமே சாட்சி வைக்காவிட்டால், வேறு யார் வைப்பார்கள்?

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் பாராட்டுகள். பெறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு மேடை காத்திருக்கிறது. இன்று வாங்கும் நற்சான்றிதழை இன்றிரவே படம் எடுத்து விரலியில் வையுங்கள். நாளை ரொட்டி டின்னையும் இறக்கச் சொல்லுங்கள்.