முதல் பாதிக்கு என்ன விலை?

அமெரிக்காவில் கல்ஷி என்றொரு கணிப்புச் சந்தை நடக்கிறது. ஒரு சம்பவம் நடக்குமா, நடக்காதா என்பதே அங்கே சரக்கு. ஒப்பந்தத்தின் விலை 1 சென்ட்டிலிருந்து 99 சென்ட் வரை. சொன்னது பலித்தால் 1 டாலர் கிடைக்கும். பலிக்காவிட்டால் போட்ட பணம் போனதுதான். 2025 ஜனவரியில் இந்தச் சந்தை விளையாட்டுக்குள் நுழைந்தது. இப்போது கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டங்களில் யார் ஜெயிப்பார் என்பதோடு நில்லாமல், முதல் பாதியில் யார் முந்துவார் என்பதற்கும் விலை பேசுகிறார்கள். இந்த இரண்டாவது வியாபாரம் கல்லூரி ஆட்டங்களில் கூடாது என்பதே என் வாதம்.

பலருடைய அறிவு ஒரே விலையில் வந்து சேர்கிறது என்பது இந்தச் சந்தைகளின் பெருமை. அயோவா பல்கலைக்கழகம் 1988 முதல் தேர்தல்களை வைத்து இதைச் சோதித்தது. ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. தேர்தலில் கோடிக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள், முடிவு எவர் சட்டைப்பையிலும் இல்லை. ஆட்டத்தின் தொடக்கம் அப்படியா? அமெரிக்கக் கால்பந்தில் முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளைப் பல பயிற்சியாளர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறார்கள். பில் வால்ஷ் பிரபலமாக்கிய பழக்கம் இது. டாஸ் ஜெயித்தால் பந்தை முதலில் வாங்குவதா, இரண்டாம் பாதிக்குத் தள்ளிப்போடுவதா என்பதும் பெரும்பாலும் முன்பே முடிவானதுதான். பயிற்சியாளர், ஆட்டக்காரர், அவருடைய விடுதி அறைத் தோழர் என்று அறிந்தவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். அங்கே விலை அசைந்தால், கசிந்த செய்தி அசைத்ததாகவும் இருக்கலாம்.

கசிவைவிட மோசமானது விலைபோவது. 1950-ல் இரண்டு தேசிய கூடைப்பந்துப் பட்டங்களையும் வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரியின் ஆட்டக்காரர்கள், சூதாடிகளிடம் பணம் வாங்கியதாக 1951-ல் கைதானார்கள். தோற்கக்கூட வேண்டாம், ஜெயிக்கும் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்தால் போதும் என்பதே அந்தச் சூதின் சூட்சுமம். முதல் பாதிப் பந்தயத்தில் இது இன்னும் சுலபம்: 20 நிமிடம் சுணங்கிவிட்டு, பிறகு உயிரைக் கொடுத்து ஆடி ஜெயித்தும் விடலாம். யாருக்குச் சந்தேகம் வரும்? 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில் தாக்கலான கல்லூரிக் கூடைப்பந்து வழக்கில், சில ஆட்டங்களில் முதல் பாதியைக் குறிவைத்தே பணம் கட்டப்பட்டதாக அரசுத் தரப்பு குற்றம் சாட்டியிருக்கிறது. அவை பந்தய நிறுவனங்களில் கட்டிய பணம், கணிப்புச் சந்தையில் அல்ல. ஆனால் ஆட்டக்காரருக்கு வரும் சபலம் ஒன்றுதான்.

தடை செய்தால் பணம் இருட்டுக்குப் போகும், வெளிச்சத்தில் இருந்தால் தடயமாவது மிஞ்சும் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் தடயம் அகப்படும்போது பத்தொன்பது வயதுப் பையனின் படிப்பும் ஆட்டமும் போயிருக்கும். முழு ஆட்டத்தின் முடிவுக்கான சந்தை இருந்தாலே அந்த வெளிச்சம் கிடைத்துவிடும். துண்டு துண்டாக விற்க வேண்டியதில்லை. இது சூதல்ல, கோதுமைக்கு நடப்பதுபோன்ற முன்பேர வணிகம் என்பது அடுத்த வாதம். கோதுமை விலை சரிந்தால் விவசாயி நொடிந்துபோவார், அதனால் காப்புத் தேடுகிறார். முதல் பாதியில் யார் முந்தினால் யாருடைய பிழைப்பு கெடும்?

கல்லூரி விளையாட்டுச் சங்கத் தலைவர் சார்லி பேக்கர், போதிய பாதுகாப்பு வரும்வரை கல்லூரி ஆட்டங்களுக்கான ஒப்பந்தங்களை நிறுத்தி வைக்குமாறு, இந்தச் சந்தைகளை மேற்பார்க்கும் மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்டிருக்கிறார். அத்தனையையும் நிறுத்த மனமில்லையென்றால், முதல் பாதி ஒப்பந்தங்களையாவது ஆணையம் உடனே விலக்க வேண்டும். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் கட்ட 21 வயதாக வேண்டும். கணிப்புச் சந்தையில் 18 போதும்.