தமக்காக ஒரு பாடல்

(பாடற் குழுவினருக்கு ஆற்றிய உரை)



பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு கோமகனின் பெருமை படையால் மட்டுமல்ல, அவரது அரண்மனைச் சிற்றாலயத்தின் பாடகர்களாலும் அளக்கப்பட்டது. குரல்வளமுள்ள குருக்களைச் சம்பளமும் கோவில் மானியமும் தந்து அரசவைகள் அழைத்துக்கொண்டன. அவர்களுள் தலைசிறந்தவர் கியோம் துஃபே. 1434-இல் சவாய் கோமகனின் சிற்றாலய இசைத் தலைவரானார். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தபின், திருச்சபைத் தாயின் புலம்பலாகப் பாடல் அமைத்தார்.

பிரபுக்களின் திருமணத்துக்கும் துயரத்துக்கும் இசை தந்தவர், தமக்கென்று கேட்டது என்ன? 'விண்ணரசியே வாழ்க' என்னும் மரியன்னை கீதத்தை நான்கு குரல்களுக்கு அமைத்தபோது, சாகும் துஃபேக்கு இரங்கும்படி தம் பெயரையே நடுவில் சேர்த்து மன்றாடினார். தம் இறுதி வேளையில் பாடற் சிறுவர்கள் அதைப் படுக்கையருகே பாடவேண்டுமென்று உயிலும் எழுதினார். 1474 நவம்பர் 27-இல் காம்ப்ரே நகரில் அவர் இறந்தபோது அதற்கு நேரம் வாய்க்கவில்லை. அடக்கச் சடங்கிலேதான் பாடினார்கள்.

அந்த அரசவைகள் மறைந்தன. அந்த மன்றாட்டு இன்றும் பாடப்படுகிறது. ஞாயிறுதோறும் பிறருக்காகப் பாடும் நாம், நமக்காகவும் பாடுகிறோமா?