போன உயிருக்கு விலையில்லை, இருப்பவர்களுக்கு உரிமையுண்டு
(குடுபல்லியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

நான் வக்கீல் அல்ல. பி.எஸ்.ஸி. பௌதிகம் படித்து, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே சாலை விபத்து நஷ்ட ஈட்டைக் கணக்காகவே சொல்கிறேன்.

"ஆளே போயாச்சு, பணம் எதுக்கு?" என்று நம் வீடுகளில் பலர் விட்டுவிடுகிறார்கள். துக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பணம் போனவருடையது அல்ல. அவரை நம்பியிருந்த மனைவி, குழந்தைகள், பெற்றோருடையது.

2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கணக்கை ஒழுங்குபடுத்தியது. ஓர் உதாரணம்: வயது 38, நிரந்தர வேலை, மாதச் சம்பளம் 30,000 ரூபாய். எதிர்கால உயர்வுக்காக 50 சதவீதம் கூட்டினால் 45,000. மனைவி, இரு குழந்தைகள், தாயார் என நால்வர் நம்பியிருப்பதால், அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். மீதி 33,750. வருஷத்துக்கு 4,05,000. அந்த வயதுக்குரிய பெருக்கும் எண் 15. ஆக 60,75,000 ரூபாய். ஈமச் சடங்குச் செலவு முதலியவை தனி.

சம்பாதிக்காத இல்லத்தரசி இறந்தால்? ஜாம்ஷெட்பூரில் 1989-ல் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புப் போட்டது. 2021-லும் அதையே வலியுறுத்தியது.

வண்டி ஓட்டியவரின் தவறை நிரூபிக்காமலே 5 லட்சம் கோர இன்று வழியுண்டு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 2 லட்சம்.

நம் ஊர் மூன்று மாநிலங்கள் சேரும் இடம். பிள்ளைகளோ பல ஊர்களில். விபத்து எங்கே நடந்தாலும், மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். வயதான பெற்றோர் புனேக்கும் சென்னைக்கும் அலைய வேண்டாம்.

காலக்கெடுதான் முக்கியம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதம். அந்த விதியை எதிர்த்து வழக்கு நடந்தாலும், அதை நம்பித் தாமதிக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பளச் சான்று, மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் விவரம் ஆகியவற்றின் நகல்களை உடனே வாங்கி வையுங்கள். பதிமூன்று நாள் காரியம் முடியுமுன் யாராவது சமரசக் காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல், மாவட்ட சட்டப் பணிகள் ஆணையம் இலவச உதவி தரவேண்டும். அடுத்த தெருவில் துக்கம் விசாரிக்கப் போகும்போது இதையும் மெதுவாகக் காதில் போட்டுவிட்டு வாருங்கள்.