காளானும் வெண்குருதிக் குழியங்களும்



காளான் குளிசை, காளான் தூள், காளான் கோப்பி என்று இப்போது போனைத் திறந்தாலே விளம்பரம். நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்கள். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் போய்வரும் உம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாசத்தில் கேட்கும் கேள்வி, நேரான பதில் சொல்லத்தான் வேண்டும்.

காளானை மருந்தாகப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பாலைவன மண்ணுக்குள் விளையும் ‘கம்ஆ’வின் சாறு கண்ணுக்கு நிவாரணம் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கம்ஆவும் பங்கசு இனம்தான். ஆனால், வேறொரு காளான் தூளை விற்க அந்த ஹதீஸைத் துணைக்கு அழைப்பது முறையல்ல.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? காளானின் கலச்சுவரில் பீட்டா-குளுக்கன் என்றொரு பொருள் இருக்கிறது. நாம் பால்கறி வைக்கும் சிப்பிக் காளானிலும் உண்டு, நோய் தரும் பங்கசிலும் உண்டு. மனித உடம்பு அதை உண்டாக்குவதில்லை. ஆகவே அதைக் கண்டால் அந்நியன் வந்துவிட்டான் என்று நம் வெண்குருதிக் குழியங்கள் உசாராகின்றன. குழியத்தின் மேற்பரப்பில் அதை இனங்காணும் வாங்கி ‘டெக்டின்-1’ என்பதை 2001இல் ஒக்ஸ்போர்டில் கோர்டன் பிரவுனும் சியாமன் கோர்டனும் எடுத்துக்காட்டினார்கள். பங்கசுத் துணிக்கை ஒன்று இந்த வாங்கிகளில் ஒட்டியதும், தின்குழியம் என்ற வகை வெண்குருதிக் குழியம் தன் மென்சவ்வை நீட்டி அதை வளைத்து விழுங்கிவிடும். கூடவே, மற்றக் குழியங்களை அழைக்கும் இரசாயனங்களையும் வெளியிடும். அதே குளுக்கன் நன்றாகக் கரைந்த நிலையில் வந்தால் வாங்கியில் ஒட்டும், ஆனால் இந்த வாங்கி வழியாகக் குழியம் கிளர்ந்தெழாது. 2011இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. எனவே, ‘பீட்டா-குளுக்கன் அடங்கியது’ என்று போத்தலில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

காளானை இப்படி ஆராய்ந்த முன்னோடிகளில் ஜப்பானியர் முக்கியமானவர்கள். ஷிட்டாக்கே காளானிலிருந்து ‘லென்டினன்’ என்ற பொருளைப் பிரித்தெடுத்த கோரோ சிஹாரா குழுவினர், அதை ஏற்றிய எலிகளில் கட்டி வற்றியதை 1969இல் அறிவித்தார்கள். தைமசுச் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளில் அது பலிக்கவில்லை. டி-கலங்கள் என்ற வெண்குருதிக் குழியங்கள் முதிர்வது அந்தச் சுரப்பியில்தான். ஆக, லென்டினன் புற்றுநோயை நேரடியாகக் கொல்லவில்லை, உடம்பின் சொந்தப் படையைத்தான் எழுப்பியது. பின்னர் ஜப்பானில் அது இரைப்பைப் புற்றுநோய்க்கு ஊசியாகக் கொடுக்கப்பட்டது. கவனியுங்கள்: வைத்தியர் கொடுத்த புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அவற்றை நிறுத்திவிட்டு அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நோர்வேயின் மலைமண்ணிலிருந்து எடுத்த ஒரு பங்கசில் ‘சைக்ளோஸ்போரின்’ கிடைத்தது. 1970களில் சுவிட்சர்லாந்தில் அதை ஆராய்ந்தபோது, டி-கலங்களை அது அடக்கிவைப்பது தெரியவந்தது. மாற்றப்பட்ட சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் உலகெங்கும் எத்தனையோ பேரைக் காத்த மருந்து அது. வண்டுப் புழுவின் மேல் முளைக்கும் ‘கோடிசெப்ஸ்’ வகைக் காளான் ஒன்றின் மறுவடிவமே அந்தப் பங்கசு என்று 1996இல் அடையாளம் கண்டார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் கோடிசெப்ஸுக்கு அது உறவுக்காரன்! ஒரே வம்சத்தில் எழுப்புவதும் இருக்கலாம், அடக்குவதும் இருக்கலாம்.

எழுப்புவது எல்லாருக்கும் நல்லதுமல்ல. சிறுநீரகம் மாற்றியவரின் வெண்குருதிக் குழியங்கள் அடங்கியிருப்பதில்தான் அந்தச் சிறுநீரகத்தின் உயிர் இருக்கிறது. தன் மூட்டையே தாக்கும் வாதநோய் உள்ளவருக்கும் அந்தப் படையைச் சீண்டிவிடுவது ஆபத்து.

அதற்காகக் காளானையே ஒதுக்கத் தேவையில்லை, உணவுக்கு வீட்டிலேயே வளர்க்கலாம். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அவித்து ஆறவிட்ட வைக்கோலைப் பையில் அடைத்து, வித்திட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக வெளியே வரும். கறியாக, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். உம்மாவுக்கும் கொடுங்கள், வைத்தியர் உணவில் ஏதும் தடை சொல்லியிராவிட்டால். குளிசையோ தூளோ ஏற்கெனவே வாங்கியிருந்தால், அடுத்த கிளினிக் நாளில் அந்தப் போத்தலையும் மருந்துப் பையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.