நாற்பது வினாக்கள்
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேச வேண்டிய மேடையில் தேர்வைப் பற்றிப் பேசுவது சிலர்க்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். ஆயினும் தமிழிலக்கணத்தை இன்று மிகுந்த கவலையோடு பயில்பவர் யார்? கவிஞர் அல்லர், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞரே ஆவர்.

2021ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் அவர்க்குத் தமிழ்த் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. 2024 டிசம்பரில் திருத்தப்பெற்ற பாடத்திட்டத்தில் நூறு தமிழ் வினாக்களுள் இலக்கணத்திற்கு 25, எழுதும் திறனுக்கு 15. வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். ஆக, இந்நாற்பதுக்கும் 60 மதிப்பெண்கள். தகுதி பெறுவதற்குரிய குறைந்த அளவும் 60. அதனை எட்டாதவர் பொது அறிவில் எத்துணை வல்லவராயினும் தரவரிசையில் இடம்பெறார்.

வல்லினம் மிகும் இடங்கள் இவை, மிகா இடங்கள் இவை எனப் பட்டியலை மனப்பாடம் செய்வதே பெருவழக்கு. எடுத்துக்காட்டு மாறியவுடன் தடுமாறுகின்றனர். விதிக்கு முன் பொருளைக் கேட்கப் பழக்குதல் வேண்டும். 'கீரை கடை' என்பது ஏவல். 'கீரைக் கடை' என்பது விற்குமிடம். முன்னதில் ஐ உருபு மட்டும் தொக்கது. பின்னதில் 'விற்கும்' என்னும் பயனும் உடன் தொக்கது. 'ஊறுகாய்' என்பதில் ககரம் ஏன் மிகவில்லை என்று கேளுங்கள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அதனுள் கரந்திருப்பதைத் தாமே கண்ட மாணவர் வினைத்தொகையைப் பின்னர் மறப்பதில்லை.

எழுதும் திறன் என்று பெயர், எழுதவோ இடமில்லை. ஒரு வட்டத்தைக் கருமையாக்கினால் போதும். இம்முறை எனக்கு உடன்பாடன்று. எனினும் நாள்தோறும் ஒரு பத்தி எழுதி, செய்வினையைச் செயப்பாட்டுவினையாகவும் தன்வினையைப் பிறவினையாகவும் மாற்றிப் பழகியவரே விரைந்து விடை காண்பர். வினைமரபிலோ சிற்றூர்ப் பிள்ளைகளிடம் கைப்பொருள் உண்டு. கூடை முடைவார் வீட்டுப் பிள்ளைக்கு 'முடைதல்' பாடமன்று, அன்றாடப் பேச்சு.

கவிஞர்களிடம் எனக்கொரு வழக்கும் உண்டு. ஒருமைக்கு 'அன்று', பன்மைக்கு 'அல்ல' என்பது நூல் வழக்கு. நம் மன்றக் கவிதைகளிலோ எங்கும் 'அல்ல'தான். வழங்கும் தமிழ் அதுவாதலின் கவிதைக்கு இழுக்கில்லை. ஆனால் அக்கவிதையை விரும்பிப் படித்துச் செவி பழகிய மாணவி தேர்வறையில் அவ்வடிவத்தையே தேர்ந்தால், ஒன்றரை மதிப்பெண் போயிற்று. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் அவ்வொன்றரை அவளுக்கு ஒரு வேலையாகவும் இருக்கலாம்.

ஆதலின் மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் தேர்வர்க்கு ஒதுக்குங்கள். உங்கள் கவிதைகளையே முன்வைத்து, நூல் வழக்கினின்றும் அவை விலகும் இடங்களை அவர்களைக்கொண்டே அடையாளமிடச் செய்வோம். கவிஞர்கள் சினவாதிருக்க வேண்டும். தொகைநிலைத் தொடர்களுக்கான பயிற்சித்தாளை நான் ஆயத்தம் செய்து வருகிறேன். படியெடுக்கும் செலவை மட்டும் மன்றம் ஏற்றால் அடுத்த மாதமே தொடங்கலாம்.